‘எப்போது?’

சென்ற தவக்காலத்திற்குச் சில நாள்கள் முன்னர், நம் பங்கின் இளையோருக்காக ஒரு ஞாயிறு மாலைக் கூட்டம் நடைபெற்றது. ஏற்பாடு செய்தவர் நாமே. இராஜா அண்ணாமலைபுரத்து அடுக்ககங்களில் வாழும் நம் பிள்ளைகளுள் பலர், 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு தொட்டு, வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவர்கள். சிலர் வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம் போய் வருகிறார்கள். சிலருக்கு அதுவும் இல்லை. முதுகு வலிக்கிறது, உறக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று அவர்கள் நம்மிடம் வந்து சொல்வது மிகுந்துவிட்டது. ஆகவே, இத்தகைய பணியாளருக்குப் பயிற்சி அளிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை அழைத்தோம்.

வந்தவர் நன்றாகவே பேசினார். நாள்தோறும் முப்பது நிமிடம் நடக்க வேண்டும். நடந்தால் மூளைக்கு இரத்தம் பாயும், வேலை சுறுசுறுப்பாக ஓடும் என்றார். வீட்டில் வேலைக்கென ஒரு மூலையை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். கவனம் சிதறாது என்றார். கோலம், ஓவியம், பாட்டு, தையல் என ஏதேனும் ஒன்றில் நாளுக்குப் பதினைந்து நிமிடம் ஈடுபட வேண்டும்; மன அழுத்தம் குறையும், வேலைத்திறன் கூடும் என்றார். அனைவரும் கைதட்டினர். நாமும் தட்டினோம்.

நன்றியுரைக்கு முன், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நம் பாடற்குழுவில் பல ஆண்டுகளாகப் பாடி வருபவள். “எல்லாம் சரி சார். எப்போது?” என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. பேச்சாளர் சிரித்தார், நேரத்தைத் திட்டமிடும் கலை பற்றி அடுத்த முறை பேசுவதாகச் சொன்னார். தேநீர் வந்தது. கூட்டம் கலைந்தது.

அந்தப் பெண்ணின் நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் பின்னர் அறிந்தோம். பகல் பதினொரு மணிக்கு மடிக்கணினியைத் திறக்கிறாள். அமெரிக்காவில் இருப்போர் விழித்தெழும் வேளை நமக்கு மாலை. ஆதலால் முதன்மையான கலந்துரையாடல்கள் எல்லாம் இரவு எட்டரைக்குமேல்தான். பதினொன்றரைக்கு மூடி வைத்தால் அன்று நல்ல நாள். கையில் ஒரு கடிகாரம் கட்டியிருக்கிறாள். மணிக்கொரு முறை அது அதிர்ந்து, ‘எழுந்து நில்’ என்கிறது. எதிரே திரையிலுள்ள கூட்டமோ ‘அமர்ந்திரு’ என்கிறது. இரண்டு எசமானர்களுக்கும் கீழ்ப்படிவதற்காக, அவள் கூட்டம் நடக்கும்போதே எழுந்து நின்று மீண்டும் அமர்கிறாள். “வீட்டில்தான் இருக்கிறாள் சாமி, ஆனால் வீட்டில் இல்லை” என்றார் அவள் தாயார்.

அவள் கேட்ட அந்த ஒற்றைச் சொல்லே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. அன்று நாம் கைதட்டியது தவறு என்று இப்போது கருதுகிறோம். ஏன் தவறு என்பதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

மூன்று நன்மைகள், ஓர் எசமானன்

உடலைப் பேணுதல் நன்று. செய்யும் தொழிலைத் திருந்தச் செய்தல் நன்று. அன்றாட வாழ்வில் சிறு சிறு படைப்பு மகிழ்ச்சிகளைத் துய்த்தல் மிக நன்று. இம்மூன்றையும் மறுப்பார் எவரும் இலர். நம் வழக்கு இம்மூன்றோடு அன்று. இவற்றைக் கோத்த கயிற்றோடு.

அன்றைய பேச்சை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். நடை எதற்கு? வேலை ஓடுவதற்கு. தனி மூலை எதற்கு? வேலையில் கவனம் நிற்பதற்கு. கோலமும் பாட்டும் எதற்கு? வேலைத்திறன் கூடுவதற்கு. மூன்று நன்மைகளும் ஒரே எசமானனுக்கு ஊழியம் செய்ய அனுப்பப்படுகின்றன. இயந்திரத்திற்கு எண்ணெய் விடுவோன் இயந்திரத்தின்மீது அன்பு கொண்டு விடுவதில்லை. அது நின்றுவிடக் கூடாதே என்று விடுகிறான். அந்த எண்ணெய்க் கிண்ணத்தையும் இயந்திரத்தின் கையிலேயே கொடுத்து, ‘நீயே உனக்கு விட்டுக்கொள்; விடாமற்போனால் குற்றம் உன்னுடையது’ என்று சொல்லும் விந்தையைத்தான் இன்று நலவாழ்வு அறிவுரை என்கிறார்கள்.

நாம் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்குப் பகைவர் அல்லோம். சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் பேருந்தில் இடிபட்டுப் போய் வந்த மணிகள் பிள்ளைகளுக்கு மிஞ்சின என்பதை அறிவோம். கைக்குழந்தையுடைய தாய்க்கும், படுக்கையிலுள்ள தந்தையைக் கவனிக்கும் மகனுக்கும், சக்கர நாற்காலியில் இயங்கும் இளைஞனுக்கும் இது பெரும் உதவி. அவர்களிடமிருந்து இதைப் பறிப்பது கொடுமை. ஆனால், பயணத்தில் மிஞ்சிய அந்த மணிகள் யாரிடம் போய்ச் சேர்ந்தன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவை நடைக்கும் போகவில்லை, கோலத்திற்கும் போகவில்லை. போயிருந்தால் ‘எப்போது?’ என்ற கேள்வி பிறந்திராது.

பழைய கதை, புதிய மேசை

வீட்டிலிருந்து வேலை என்பது கணினியோடு பிறந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் தறிக்குழி வீட்டின் நடுவிலேயே இருந்தது. திருநெல்வேலிப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றினர், இன்றும் சுற்றுகின்றனர். இலையும் தூளும் ஒப்பந்தக்காரர் தருவார். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. சுற்றும் நேரத்திற்குக் கணக்கில்லை. சமைத்துக்கொண்டே சுற்றலாம், பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டே சுற்றலாம், விளக்கை வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை சுற்றலாம். இதைத்தான் இன்று ‘நெகிழ்வான வேலைநேரம்’ என்று அழகிய பெயரிட்டு அழைக்கிறோம். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணும் தொழிலாளியே என்று ஏற்றுக்கொண்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுப் பணிக்கென்றே 177ஆம் உடன்படிக்கையை இயற்றியது. இந்தியா இன்றளவும் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை.

அந்தப் பீடிப் பெண்ணிடம் எவரும் சென்று, ‘அம்மா, இடையிடையே எழுந்து நில்; பதினைந்து நிமிடம் கோலம் போடு; இன்னும் முந்நூறு பீடி சுற்றலாம்’ என்று வகுப்பு எடுத்ததில்லை. எடுத்திருந்தால் அதன் கயமை எல்லோருக்கும் புலப்பட்டிருக்கும். கணினி முன் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைக்குச் சம்பளம் சற்றுக் கூடுதல் என்பதனால் அக்கயமை நம் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. செங்கல் அறுக்கும் இசுரயேலருக்கு அதுவரை வைக்கோல் அரசாங்கத்தால் வழங்கப்பட்டு வந்தது. பார்வோன் அதை நிறுத்தினான். வைக்கோலை அவர்களே பொறுக்கிக்கொள்ள வேண்டும். செங்கலின் எண்ணிக்கை மட்டும் ஒன்றும் குறையக் கூடாது என்றான். முறையிட்டவர்களைச் சோம்பேறிகள் என்றான். இன்று நாற்காலி யாருடையது? மின்கட்டணம் யாருடையது? இன்வெர்ட்டர் யாருடையது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்து, பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் நின்றபோது, நம் பிள்ளைகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மின்சாரம் உள்ள உறவினர் வீட்டைத் தேடி அலைந்ததைக் கண்டோம். வைக்கோல் பொறுக்கும் காட்சி வேறெப்படி இருக்கும்?

அறையில் தனித்திருந்தோர்

தனி அறையில் இருந்துகொண்டு, மேற்பார்வையாளர் எவருமின்றி வேலை செய்வோரின் இடர்களை நன்கறிந்தவர் சிலர் திருச்சபையின் தொடக்கக் காலத்திலேயே இருந்தனர். எகிப்தியப் பாலைவனத் துறவியர் அவர்கள். குருமடத்தில் பயின்ற காலத்தில் அவர்களை நாம் ஆன்ம வழிகாட்டிகளாக மட்டுமே படித்தோம். இன்று பார்த்தால், தம் அறையிலேயே ஓலை முடைந்து பிழைத்த அவர்களும் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களே.

நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்பவர், அறையிலிருக்கும் துறவியை நண்பகலில் பிடிக்கும் ஒரு சோர்வைத் துல்லியமாக வருணித்துள்ளார். கதிரவன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும். பகல் ஐம்பது மணி நேரம் நீள்வதுபோல் இருக்கும். கண் சாளரத்தையே நாடும். இருக்குமிடத்தின்மீதும் செய்யும் கைத்தொழிலின்மீதும் வெறுப்பு வரும். வேறெங்காவது போனால் நன்றாயிருக்கும் என்று மனம் சொல்லும். நம்மிடம் வந்து முறையிடும் இளைஞர்களின் குறிப்பேட்டைப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவர் படித்துவிட்டாரோ என்று வியக்கிறோம்.

இச்சோர்வுக்கு வனத்து அந்தோனியார் கண்ட மருந்தைத் துறவியர் வழிவழியாகச் சொல்லி வந்தனர். சோர்ந்திருந்த அவர், தம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்து கயிறு திரிப்பதையும், பின்னர் எழுந்து செபிப்பதையும், மீண்டும் அமர்ந்து திரிப்பதையும் கண்டார். அவ்வளவுதான். வேலை, எழுதல், செபம், மீண்டும் வேலை. எழுந்தது கயிறு இன்னும் வேகமாகத் திரிப்பதற்காக அன்று. எழுதலுக்கு அதற்கே உரிய காரணம் இருந்தது.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் மடங்களுக்கு ஒழுங்கு வகுத்தபோது, கைவேலைக்கு இன்ன நேரம், வாசிப்புக்கு இன்ன நேரம் எனக் குறித்தார். செபத்திற்கு அழைப்பு ஒலித்தவுடன், கையிலிருப்பதை அப்படியே அரைகுறையாக விட்டுவிட்டு எழ வேண்டும் என்றும் விதித்தார். ‘இதை மட்டும் முடித்துவிட்டு வருகிறேன்’ என்பதற்கு அங்கே இடமில்லை. நம் காலத்து நலவாழ்வு ஆசிரியர்கள் துறவியரின் தனிமையை எடுத்துக்கொண்டனர், ஒழுங்கை எடுத்துக்கொண்டனர், தியானத்தையுங்கூட எடுத்துக்கொண்டனர். மணியை மட்டும் விட்டுவிட்டனர். வேலையை முடித்துவைக்கும் மணி இல்லாத மடம் மடமன்று; சிறை.

காசியான் என்பார் எழுதிவைத்த இன்னொரு செய்தியும் நமக்குப் பிடிக்கும். பவுல் என்ற துறவி ஊரிலிருந்து வெகு தொலைவில் வாழ்ந்தார். முடைந்தவற்றை ஊருக்குக் கொண்டுபோய் விற்றால் விலையைவிடச் சுமைகூலி மிகும். ஆயினும் அவர் நாள்தோறும் ஓலை வேலை செய்தார். ஆண்டு முடிவில் குகை நிறைந்ததும் அனைத்தையும் எரித்துவிட்டு, மறுபடியும் தொடங்கினார். சோம்பல் அண்டாதிருக்க உழைப்பு வேண்டும் என்பதைக் காட்டவே காசியான் இதை எழுதினார். நாமோ அதில் மற்றொன்றையும் காண்கிறோம்: கையின் வேலை சந்தைக்குப் போகாவிடினும் அதற்கு மதிப்பு உண்டு. கோலம் போடுகிறவளுக்கு இது தெரியும்.

உடல் யாருடையது?

உடலைப் பற்றிச் சிறிது பேசுவோம். நம் பகுதியில் நடப்பதற்கு இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. கிழக்கே பட்டினப்பாக்கத்துக் கடற்கரை; தெற்கே அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி 2011இல் 58 ஏக்கரில் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா. விடியலில் கடற்கரைக்குச் சென்றால், கையில் கட்டிய கருவியைப் பார்த்துப் பார்த்து நடக்கும் நம்மவரைக் காணலாம். பத்தாயிரம் அடி நிறைவேறவில்லையென்றால் வீட்டுக் கூடத்திலேயே சுற்றிச் சுற்றி நடப்பவரும் உளர்.

பத்தாயிரம் என்ற அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்தது அன்று. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்ததைத் தொடர்ந்து, 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடிகளை எண்ணும் கருவியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. ‘பத்தாயிரம் அடி மானி’ என்பது அதன் பெயரின் பொருள். விற்பனைப் பெயரே பின்னாளில் உடல்நல விதியாகிவிட்டது. உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வளர்ந்தோருக்குச் சொல்வது, வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு என்பதே. நாளுக்கு அரை மணிக்கும் குறைவாகவே போதுமானது. இவ்வளவு எளிய ஒன்றைக்கூட நம் பிள்ளைகளால் செய்ய இயலவில்லையெனில், குறை அவர்களுடைய மன உறுதியில் இல்லை.

அதே அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வை நலவாழ்வு வகுப்புகளில் ஏன் எவரும் படிப்பதில்லை? வாரத்தில் 35 முதல் 40 மணி வரை உழைப்போரைக் காட்டிலும், 55 மணியும் அதற்கு மேலும் உழைப்போருக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் மிகுதி. 2016ஆம் ஆண்டில் மட்டும் நெடுநேர வேலையால் விளைந்த இவ்விரு நோய்களால் 7,45,000 பேர் மாண்டனர் என்பது அவ்வாய்வின் கணிப்பு. நஞ்சைக் கொடுக்கும் கையை மறைத்துவிட்டு, நஞ்சுண்டவனுக்குச் சுக்குக் கஷாயம் பரிந்துரைப்பது மருத்துவம் ஆகுமா?

உடலின் உயிர்ப்பை நம்புகிறவர்கள் நாம். உடல் நமக்கு வேலைக்குப் போகும் வண்டி அன்று. மாலைக் காற்றில் காரணமின்றி நடப்பதும், வழியில் தெரிந்தவரைக் கண்டு நின்று பேசி அடிக்கணக்கைக் கோட்டை விடுவதும் உடலுக்குரிய மாண்பு.

கோலம் யாருக்காக?

சிறு படைப்பு மகிழ்ச்சிகளுக்கு வருவோம். அன்றைய பேச்சில் நம்மை மிகவும் உறுத்தியது கோலத்தைப் பற்றிய பகுதியே. கோலம் ஒருமுனைப்பைக் கூட்டுமாம். கணினியில் நிரல் எழுதுவோருக்கு நல்ல பயிற்சியாம்.

கணினித் துறை கோலத்திற்குப் பட்டிருக்கும் கடன் வேறு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவர்தம் துணைவியார் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நம் வாசற்கோலங்களின் அமைப்பை ஆராய்ந்து, படங்களை உருவாக்கும் இலக்கண முறையொன்றை அவர்கள் வகுத்தனர். அதாவது, நம் பாட்டிமார் அரிசி மாவினால் போட்டவற்றிலிருந்து அறிவியல் கற்றுக்கொண்டது. அன்று கணினி அறிஞர் கோலத்தின்முன் மாணவராய் அமர்ந்தனர். இன்று கோலம் கணினியின்முன் கைகட்டி நின்று, ‘பதினைந்து நிமிடம் என்னைப் போடுங்கள், உங்கள் வேலை நன்றாக நடக்கும்’ என்று விண்ணப்பம் போடுகிறது. தலைகீழ் மாற்றம் அன்றோ!

நம் தெருவின் அடுக்ககம் ஒன்றில் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடும் அம்மையார் ஒருவர் உண்டு. சீனிவாசபுரத்திலிருந்து வருகிறார். மாதக் கூலிக்கு இடுகிறார். மார்கழியில் பெரிய கோலம்; அதற்குச் சிறிது கூடுதல் கூலி. ஒருநாள் நின்று பார்த்துப் பாராட்டினோம். அவர் முகம் மலரவில்லை. “இது வேலை சாமி. இதை முடிச்சிட்டுப் போய் எங்க வாசல்ல போடுவேன் பாருங்க, அதான் கோலம்” என்றார். இரண்டிலும் அதே கை, அதே மாவு, அதே புள்ளி. வேறுபாடு யாதென்பதை அவர் அறிந்திருந்தார். நம் பேச்சாளர் அறியவில்லை. ஓர் அம்மையார் கூலிக்காகக் கோலம் போடுகிறார். நம் பிள்ளையை வேலைக்காகக் கோலம் போடச் சொல்கிறோம். முன்னவருக்காவது தம் வீட்டு வாசல் எஞ்சியிருக்கிறது.

நாம் வாழும் இப்பகுதி இராஜா அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கியுள்ளது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூட்டியவர் அவர். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அவர் முயற்சியால் எழுந்தது. பாடுவோனுக்கும் கேட்போனுக்கும் பாட்டின் பொருள் விளங்க வேண்டும், தன் தாய்மொழியில் பாடும் இன்பம் எவருக்கும் மறுக்கப்படக் கூடாது என்பதே அன்றைய வாதம். அவ்வியக்கத்தை எதிர்த்தோரும் உண்டு, ஆதரித்தோரும் உண்டு. இரு சாராரில் ஒருவர்கூட, பாட்டினால் அலுவலக வேலை விரைந்து முடியும் என்று வாதிட்டதில்லை. இன்பத்திற்கு இன்பமே சான்றாக இருந்த காலம் அது.

‘ஸ்கூல்’ என்று நாம் வழங்கும் ஆங்கிலச் சொல், ஓய்வு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. இலத்தீனிலோ, தொழிலுக்கு வழங்கிய ‘நெகோசியும்’ என்ற சொல்லே ‘ஓய்வின்மை’ என்று பொருள்படும். ஓய்வே முதல்; அது இல்லாத நிலைதான் தொழில் என்று முன்னோர் கண்டனர். போரில் இடிந்த ஜெர்மனி, வேலை வேலை என்று ஓடிய 1948ஆம் ஆண்டில், யோசேப் பீப்பர் என்ற கத்தோலிக்க மெய்யியலாளர் ஓய்வைப் பண்பாட்டின் அடித்தளமாக நிறுவி நூல் எழுதினார். அடுத்த வேலைக்குத் தெம்பு சேர்ப்பதற்காக எடுக்கப்படும் இடைவேளை வேலையின் பகுதியே அன்றி ஓய்வாகாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

சங்கு ஒலிக்கட்டும்

மணியைப் பற்றிச் சொன்னோம். சென்னைக்கு மணி புதிதன்று. ஆலைச் சங்கு ஊதித் தொழிலாளரை உள்ளே அழைத்த நகரம் இது; அதே சங்கு ஊதி அவர்களை வெளியே விட்டதும் உண்டு. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் நண்பகலில் நிம்மதியாக உண்ணவும் நேரமின்றித் தவித்தனர். அக்குறையும் சேர்ந்தே 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பிறப்பித்தது. வாடியாவும், நம் தமிழ்த்தென்றல் திரு. வி. க.வும் அதில் முன்னின்றனர். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இச்சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்ற உலகத் தொழிலாளரின் கோரிக்கை அன்று நம் கடற்கரையிலும் ஒலித்தது. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் பணியாளருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்ற வரம்பை விதித்தது. 2023 ஏப்ரல் 21இல், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டப்பேரவையில் நிறைவேறியபோது, எதிர்ப்பு எழுந்தது. மே முதல் நாளே அது திரும்பப் பெறப்பட்டது. ஆலையில் 12 மணி நேரம் என்றால் நாடு கொதிக்கிறது. நம் வீட்டு உணவு மேசையில் பன்னிரண்டரை மணி நேரம் என்றால் கடிகாரம் வாங்கித் தருகிறோம்!

2023 அக்டோபரில் இன்போசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர் வாரத்தில் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 சனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோ தலைவர் சுப்பிரமணியன் 90 மணியைப் பேசினார். ஞாயிறன்று பணியாளரை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் கேட்டார். அவரை ஏளனம் செய்வது எளிது. நாம் அவருக்கு ஒரு வகையில் நன்றி சொல்கிறோம். நலவாழ்வு வகுப்புகள் மென்மையாகச் சொல்லாமற் சொன்னதை அவர் வெளிப்படையாகச் சொன்னார். வீடு என்பது வேலை நடவாத வெற்றிடம் என்ற எண்ணமே இரண்டிற்கும் அடிப்படை. இணைச் சட்ட நூல் ஓய்வுநாளைக் கட்டளையிடும்போது, அடிமையும் அடிமைப்பெண்ணும் எசமானனைப்போலவே ஓய்வு கொள்ள வேண்டும் என்கிறது. எகிப்தில் நீயும் அடிமையாய் இருந்தாய் என்பதை நினைவூட்டுகிறது. திருத்தந்தை பதிமூன்றாம் சிங்கராயர் 1891இலும், இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இலும் தொழிலாளரின் ஓய்வை உரிமையாகவே கண்டனர். அஃது எசமானனின் தயவும் அன்று. பணியாளரின் தனித்திறமையும் அன்று.

‘என்ன செய்வது? வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருக்கிறார். நாம் மறுத்தால் வேறொரு நாட்டார் செய்வர்’ என்பார் உளர். கதிரவனை மாற்றி உதிக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. மாலையை எடுத்துக்கொள்வோர் காலையைத் திருப்பித் தரட்டும் என்கிறோம். இரவு பதினொன்றரைக்கு முடியும் வேலை பிற்பகல் மூன்றுக்குத் தொடங்கினால் என்ன? ‘நெகிழ்வு’ என்கிறார்கள். நெகிழ்வது எப்போதும் ஒரே பக்கந்தான். வேலை நீளுகிறது, வாழ்வு வளைகிறது. பிரான்சு நாடு 2017 முதல், பணிநேரத்திற்குப் பின் தொடர்பறுத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கியுள்ளது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதல் அவ்வுரிமை நடைமுறையில் உள்ளது. நம் மக்களவையில் இது தனிநபர் மசோதாவாக 2018இலும் 2025இலும் கொண்டுவரப்பட்டது, சட்டமாகவில்லை. அதைச் சட்டமாக்கக் கேட்பதே நம் இளையோருக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான உடற்பயிற்சி வகுப்பு.

இறுதியாக, நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாடற்குழுவின் வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்கு ஞாயிறு பாடல் பட்டியலை அனுப்பும் வழக்கம் நமக்கு இருந்தது. அந்தப் பெண் பதினொன்று நாற்பதுக்கு, “சரி ஃபாதர்” என்று பதில் அனுப்புவாள். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று மகிழ்ந்திருக்கிறோம். அவள் அப்போதுதான் ஒரு திரையை மூடிவிட்டு, அடுத்த திரையில் நமக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுடைய எசமானர்களின் வரிசையில் நாமும் நின்றிருந்தோம். இப்போது இரவு எட்டுக்குமேல் நம் பங்கிலிருந்து எவருக்கும் செய்தி போவதில்லை; இறப்புச் செய்தி நீங்கலாக. பாடற்குழுப் பயிற்சியும் கைபேசியை விட்டுச் சனி மாலையில் கோவில் முற்றத்திற்கு வந்துவிட்டது. பாடினால் என்ன நன்மை என்று அங்கே எவரும் வகுப்பு எடுப்பதில்லை.

கடந்த நான்கு சனிக்கிழமைகளில் அவள் இரண்டு முறை வந்தாள். மற்ற இரண்டு நாளும் அவசர வேலை என்றாள். ஆகவே, அவள் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. விடை சொல்ல வேண்டியவள் அவள் அல்லள். அவளுக்கு இனி ஓர் அறிவுரையும் வழங்க மாட்டோம். அவளை வேலை வாங்குவோரையும், சட்டம் இயற்றுவோரையும், பிள்ளையின் சம்பளத்தை மட்டும் விசாரிக்கும் பெற்றோரையும், கைதட்டிய நம்மையும் பார்த்து, அவள் கேட்ட அதே சொல்லைத் திருப்பிக் கேட்போம்: எப்போது?